ஹாரன் அடிக்காமல் மலை இறங்கிய நாள்

ஈரமான சாமை வைக்கோல் வாசனை... அதைத் தவிர அந்த ஊரில் வேறெதுவுமே இல்லாத மாதிரி இருந்தது. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு விளையாடினார்கள். கோயில் மணியின் நாக்கில் துணி சுற்றிக் கட்டியிருந்தது. ஒரு சேவல்கூடக் கண்ணில் படவில்லை.

ஜவ்வாது மலைக்கு மருத்துவ வேனில் ஈசிஜி எடுக்கப் போய்க்கொண்டிருந்த காலம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊருக்குள் நுழையும்போதே ஒருவர் ஓடிவந்து வேனை மறித்தார்.

"ஹாரன் அடிக்காதீங்க சார். எங்கூட்டுப் பொண்ணு செத்துப்பூடும்."

அவர் பெயர் கோவிந்தன். அவருடைய மூத்த மகன் ஒரு கல்யாணத்தில் பட்டாசு வெடித்ததும் விழுந்தான், எழவேயில்லை. அதற்கப்புறம் எட்டு வயது மகள் பச்சையம்மாவும் திடீர்ச் சத்தம் கேட்டால் மயங்கி விழ ஆரம்பித்தாள். சத்தத்தோடு சத்தமாக அண்ணன் வந்து கூப்பிடுகிறான் என்று எல்லாரும் நம்பினார்கள். அதனால் ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. காட்டுப்பன்றி விரட்டத் தகரம் தட்டுவதைக்கூட விட்டுவிட்டார்கள். பன்றி தின்றது போக மிஞ்சியதுதான் அவர்களுக்குச் சாமை.



பச்சையம்மாவை வேனில் படுக்கவைத்து வயர்களை ஒட்டினேன். திரையில் கோடு ஓடியது. ஒவ்வொரு துடிப்பும் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. எங்களோடு வந்திருந்த டாக்டரம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காற்றுக்கு வேன் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

குழந்தையின் கண் மேலே செருகியது. கோடு முறுக்கிக்கொண்டு தாறுமாறாக ஆடியது. டாக்டரம்மா அவள் நெஞ்சில் கைவைத்து அழுத்த ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் துடிப்பு பழையபடி திரும்பியது. பச்சையம்மா கண் திறந்து கதவையே பார்த்தாள்.

"அண்ணன் வந்துச்சு. நீங்க கைய வெச்சதும் பூட்ச்சு."

டாக்டரம்மா கோவிந்தனை உட்காரவைத்துப் பேசினார். "யாரும் வரலங்க. இது பொறந்ததுல இருந்தே இதயத் துடிப்புல இருக்கற கோளாறு. பையனுக்கும் இதுதான் இருந்திருக்கும். மருந்து இருக்கு. இன்னைக்கே வேலூருக்கு வரணும்."

"இன்னாம்மா சொல்றீங்க? வேலூரு பூரா சத்தம். போய்ச் சேர்றதுக்குள்ள அவன் கூட்டிக்கினு பூடுவான்."

அவர் பயந்ததில் தப்பே இல்லை. திடீர்ச் சத்தம் அவள் உயிரை எடுக்கும் என்றுதான் டாக்டரம்மாவும் சொன்னார். வைத்தியமோ அந்தச் சத்தத்துக்கு நடுவில் இருந்தது.

சத்தம் படாமல் கொண்டுபோகிறோம் என்று சொன்ன பிறகுதான் கோவிந்தன் சம்மதித்தார். பச்சையம்மாவின் காதில் பஞ்சு, அதற்கு மேல் கம்பளித் துணி. கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் அடிக்காமல் இறங்க டிரைவர் அண்ணன் ஒத்துக்கொண்டார். கோவிந்தன் பைக்கில் முன்னால் போய், வளைவுக்கு வளைவு துண்டை வீசி எதிரே வந்த வண்டிகளை நிறுத்தினார். லாரிக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். மூடுபனியில் அந்தத் துண்டு மட்டும் தெரியும்... மறையும். வேனுக்குள் யாரும் இருமக்கூட இல்லை. ஒடுகத்தூர் கடைத்தெரு வந்ததும் டாக்டரம்மா இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்திக்கொண்டார்.

போய்ச் சேர்ந்தோம். தினமும் மாத்திரை; சில வருடம் கழித்து, நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவி. துடிப்பு தடம் புரண்டால் அதுவே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும்.

போன மாதம் பச்சையம்மாவுக்குக் கல்யாணம், அதே ஊரில். அன்றைக்குத் தும்மவே பயந்த ஊரில் இப்போது ஆளுயர ஸ்பீக்கர், பம்பை, ஆட்டம்... எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. பட்டாசு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவைத்தும், எவனோ ஒருத்தன் சரத்தைக் கொளுத்திவிட்டான்.

மொத்தப் பந்தலும் அப்படியே உறைந்தது. சாப்பிட்டவர்கள், பரிமாறியவர்கள், எல்லாரும் மணப்பெண்ணையே பார்த்தார்கள். கோவிந்தன் சாம்பார் வாளியோடு பந்திக்கு நடுவில் நின்றுவிட்டார்.

பச்சையம்மா சிரித்தாள்.

"இங்கதான் கீறேன்பா... நீ ஊத்து."