மூன்று கைதட்டல்

எந்த வீட்டு வாசலிலும் ஜுசிலேனி முதலில் அந்த வீட்டு நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பிறகுதான் கை தட்டுவாள். மூன்று தட்டு. அழைப்பு மணி வைத்த வீடுகளிலும் அப்படித்தான். "மணி அடிச்சா வரி கேக்க வந்தவன்னு ஒளிஞ்சுக்குவாங்க. கை தட்டினா நம்ம சனம்னு தெரியும்" என்பாள்.

உம்பு மேட்டிலுள்ள இலவச மருத்துவ நிலையத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்குவது அவள் வேலை. நீல உடுப்பு, பூப்போட்ட குடை, கொண்டையில் செருகிய பென்சில். உள்ளே போனதும் பிரஷர் மாத்திரை டப்பாவை எடுத்துக் காதருகே குலுக்குவாள். "போன வாரம் கேட்ட அதே சத்தம். தொடவே இல்லையா, யக்கா?" அவளிடம் பொய் செல்லாது. காப்பியும் சோளமாவுக் கேக்கும் வைத்துச் சமாதானம் பேசுவார்கள். இரண்டையும் ஒரு கை பார்த்துவிட்டு, அந்த யக்காவை மாத்திரை விழுங்க வைத்த பிறகே எழுந்திருப்பாள்.

அவளுக்கு வாய்த்த ஒரே எதிரி அடெமார். இஸ்திரி கலையாத சட்டையோடு அதே தெருக்களில் தனியார் மருத்துவக் காப்பீடு விற்பவன். இரண்டு வருடம் நிலையத்தில் டாக்டர் இல்லாமல் கிடந்தபோது அவன் காட்டில் மழை. அவனிடம் கையெழுத்துப் போட்ட வீடுகளில் இவள் தட்டினால் கதவு திறக்காது, ஜன்னல்தான் பேசும். "எங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கு ஜுசி. ஓசியெல்லாம் வேண்டாம்." ஓசி என்ற அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

போன மார்ச்சில் நகராட்சி ஒரு தாள் அனுப்பியது. ஆகஸ்ட் முடிவதற்குள் பதிவேட்டில் இரண்டாயிரம் பேர் சேராவிட்டால் நிலையத்தைப் பூட்டி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நிலையத்தோடு இணைத்துவிடுவார்களாம். அவளிடம் இருந்தது ஆயிரத்து நானூறு பேர். மூச்சிரைக்கும் கிழவர்கள் எப்படிப் பாலம் தாண்டிப் போவார்கள்?

ஏப்ரலில் ஒரு டாக்டரம்மா வந்து சேர்ந்தாள். ஜுசிலேனிக்கு அது போதும். சாத்திய கதவுகளில் மறுபடியும் தட்டினாள்; திட்டு வாங்கினாள்; மறுநாளும் தட்டினாள். காது வலிக்கிறதென்று சொன்ன பிள்ளையைக் கையோடு கூட்டிப்போய், மாலைக்குள் மருந்தோடு கொண்டுவந்து விட்டாள். ஊர் வாய் மெல்லத் திரும்பியது. "சும்மாவே நல்லா பாக்குறாங்க, மாசாமாசம் அவனுக்கு எதுக்கு அழணும்?"

ரொட்டிக்கடை வாசலில் அடெமார் வழி மறித்தான். "என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியேக்கா, இது நியாயமா?"

"நீ விக்கிறது பயம், தம்பி. சனத்துக்கு அது கொறஞ்சுபோச்சு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"டாக்டரம்மா எத்தன நாளைக்கு இருப்பா?"

"இருக்கிற வரைக்கும் இருப்பா. நீ ரொட்டிய வாங்கு, ஆறுது."

ஆகஸ்டின் கடைசி ஞாயிறு. பதிவேட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. மேட்டில் அவள் தட்டாத கதவு இல்லை. அடுப்பில் பீன்ஸ் கொதிக்க, நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் யாரோ கை தட்டினார்கள். மூன்று தட்டு. அடெமாரும், அவன் முதுகுக்குப் பின்னால் அவன் மனைவி லெயிடியானியும்.

"இவளுக்கு ரெண்டு மாசம்க்கா" என்றான் அடெமார், செருப்பைப் பார்த்துக்கொண்டு. "நிலையத்துல எங்களையும் எழுதிக்கணும்."

"ஏன், உன் இன்சூரன்ஸ் என்னாச்சு?"

"ஊருக்கெல்லாம் வித்தேன். வீட்டுக்கு எடுக்கல. இப்ப எடுத்தா பிரசவத்துக்கு முந்நூறு நாள் காத்திருக்கணும்."

"அதுக்குள்ள பொறந்து மூணு மாசம் ஆயிடும்க்கா" என்றாள் லெயிடியானி. "மூணு நாளா இவருக்கு இதத்தான் விரல் விட்டு எண்ணிக் காட்டுறேன்."

ஊருக்குத்தான் உபதேசம் என்று ஜுசிலேனிக்கு நாக்கு நுனி வரை வந்தது. அதற்குப் பதில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கும்படி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. இருவரையும் உட்கார வைத்து பீன்ஸ் பரிமாறினாள். பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, நுனியை நாக்கில் தொட்டு, முதலில் லெயிடியானி பெயரை எழுதினாள், அடுத்து அடெமார். லெயிடியானியின் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதற்குக் கீழே ஒரு வரியை விரலால் நீவி, காலியாக விட்டாள்.