அப்பா பிடித்த தாராக்கள்

ஸ்ட்ரோம்மன் பேருந்துத் தரிப்பில் தினமும் என் பக்கத்தில் ஒரு நோர்வேஜியப் பெண்மணி நிற்பார். இரண்டு குளிர்காலமாக ஒரே பேருந்தில் போகிறோம். ஒருநாளும் என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அதே பெண்மணி கடைத்தொகுதிக்குப் பின்னால் ஓடும் ஆற்றங்கரையில் பாணைப் பிய்த்துப் போட்டபடி, ஆற்றில் நீந்தும் ஒவ்வொரு தாராவிடமும் "ஹெய், ஹெய்" என்று சுகம் விசாரிப்பார். ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். இங்கே இருப்பவர்களுக்கு இது புதினமில்லை.

ஒரு மாதமாக நானும் அங்கே போகிறேன். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்ததும், என் வீடு இருக்கும் ரொம்மனுக்குப் பேருந்து எடுக்கமுன் அரை மணித்தியாலம் நிற்பேன். குளிர்காலம் முழுக்க ஆற்றில் உறையாமல் கிடந்த ஒரேயொரு துண்டுத் தண்ணீரில் தாராக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. இப்போது பனிக்கட்டி உடைந்து பலகை பலகையாக மிதக்கிறது. தாராக்கள் அதில் ஏறிச் சவாரி போகின்றன. தாராவைவிடப் பெரிய வாத்துகள் கனமானவை. காலை வைத்துப் பார்த்து, பனி நொறுங்கினால் பின்வாங்கி, பிறகு வேறிடத்தில் வைக்கின்றன.

மன்னாரில் நாங்கள் தாராவுக்குப் பாண் போட்டதில்லை. தாராவைத் தின்றோம். மாரி தொடங்கியதும் கடலோரக் களப்பில் ஊசிவால் தாராக்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். அப்பா வலை கட்டுவார். விற்றது போக மிஞ்சியது கறியாகும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் கொப்பிகளில் பாதி அந்தத் தாராக்களால் வந்தவை. அவை நோர்வேயிலிருந்து வருகின்றன என்பது அப்பாவின் முடிவு. தொலைபேசியில் ஒருமுறை கேட்டார்: "உங்கத்தைக் குளிர் தாங்கேலாமல்தான் இதுகள் இஞ்சை வருகுதுகள். நீ மட்டும் ஏன் பிள்ளை எதிர்ப்பக்கம் பறந்தனி?" நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்த்தேன். மன்னாருக்கு வருபவை சைபீரியாப் பக்கத்தவை. எல்லாவற்றிலும் அப்பாவைத் திருத்துகிற நான், இதை மட்டும் சொல்லவில்லை.

போன வருடம் அவரை நோர்வேக்குக் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். அம்மா இறந்தபிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். நேர்முகத்துக்கு நாள் குறித்துத் தூதரகத்திலிருந்து கடிதம் போகும் என்று சொல்லியிருந்தேன். வாரங்கள் போயின. ஒருநாள் கொமியூனிக்கேசன் கடையிலிருந்து அவர் தொலைபேசி எடுத்தபோது கேட்டேன்.

"கடிதம் ஒண்டும் வரேல்லையே அப்பா?"

"உன்ரை ஆக்களின்ரை வரேல்லை. சிங்கம் போட்ட கடிதம் ஒண்டுதான் வந்தது. இஞ்சத்தைக் கொடியிலை மாதிரிக் கையிலை ஆயுதமும் வைச்சுக்கொண்டு நிக்குது. ஆமிக்காரர் கூப்பிடுறாங்களெண்டு பயந்து அடுப்புக்கை வைச்சிட்டன்."

"ஐயோ, அது நோர்வேச் சிங்கம் அப்பா! கோடாலி பிடிச்சிருக்கிறது!"

"அங்கையும் சிங்கமே?"

சிரித்திருக்கலாம். நான் கத்தினேன். குறித்த நாள் கடந்துவிட்டிருந்தது. "எழுத்துத் தெரியாட்டி தெரிஞ்ச ஆரிட்டையும் காட்டோணும். படிப்பறிவில்லாத ஆக்களோடை என்ன செய்யிறது!"

 கடையின் இரைச்சலுக்கு நடுவே, "ஓம் பிள்ளை, எனக்கு எழுத்துத் தெரியாதுதானே" என்றார்.

அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது. புதிய விண்ணப்பத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்த கிழமையில், களப்பிலிருந்து திரும்பி வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர் எழும்பவில்லை. சண்டையால் பாதை பூட்டியிருந்தது. செத்தவீட்டுக்கு நான் போகவில்லை.

இன்று அந்தப் பெண்மணி முதல்தடவையாக என் பக்கம் திரும்பினார். தினமும் வருகிறாயே, தாராக்கள் பிடிக்குமா என்று கேட்டார்.

"என் அப்பா இவற்றைப் பிடிப்பவர். வலையால்."

அவர் முகம் மலர்ந்தது. "பறவை ஆராய்ச்சியாளரா? காலில் வளையம் போட்டுப் பறக்கவிடுகிறவரா?"

இந்த நாட்டில் தாராவை வலைகட்டிப் பிடிப்பவர்கள் அவர்கள்தானாம். இல்லை, கறிக்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"யா" என்று ஆமோதித்தேன்.

"நிறையப் படித்தவராக இருக்க வேண்டும்."

"யா."

"இங்கே வருவாரா? இந்த ஆற்றை அவருக்குக் காட்ட வேண்டும்."

"கோடையில் வருவார்."

அவர் மகிழ்ந்துபோய்ப் பாண் பையை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நோர்வேஜிய மொழியில் நான் சொன்ன அப்பா, வந்த கடிதத்தைத் தானே உடைத்து வாசித்துவிட்டு, பயணப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். தமிழில் இருந்த அப்பா கொமியூனிக்கேசன் கடையில் தொலைபேசியைப் பிடித்தபடி, "எனக்கு எழுத்துத் தெரியாதுதானே" என்று சொல்லி நின்றார். இரண்டு பேருக்கும் நான்தான் மகள்.