சோபாவிலிருந்து இறக்கிய விமானம்

கம்ப்யூட்டரில் ஆடும் போர் விமான சிமுலேட்டரில் பறப்பது என்பது பத்தில் ஒரு பங்குதான். மீதி ஒன்பது பங்கு, எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை என்று ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இது தெரியாமல் ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஓடிவிடுவார்கள். எனக்கு அந்த ஒன்பது பங்குதான் பிடித்தம். சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டிய தெருவில், இரண்டாவது மாடி வீட்டு ஹாலின் மூலையில் என் மேசை இருக்கிறது. நடுவில் திரை, இடது பக்கம் வேகத்துக்கான லீவர், வலது பக்கம் ஜாய்ஸ்டிக், காலுக்கடியில் பெடல். மனைவி அந்த மூலையை "உங்க பூஜை ரூம்" என்பாள். வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் நாங்கள். ஆகவே அதிலுள்ள குத்தல் கொஞ்சம் கூடுதல்.

செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் நீளமாக ஒரு அட்டவணை வரும். சக்கரத்தை மடக்க, விரிக்க, விளக்கைப் போட, குண்டைப் போட என்று வரிவரியாக வேலைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலை கொடுத்துவிட்டால் கட்டம் சிவப்பாகிவிடும். சிவப்பைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. நாவலூரில் என் உத்தியோகமும் ஏறக்குறைய இதுதான். மென்பொருளில் ஏதோ ஓடவில்லை என்று வாடிக்கையாளர் புகார் போடுவார். உண்மையான கோளாறைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும் என்றால், அவருக்குத் தெரியாமல் பின்பக்கமாக ஒரு சுற்றுவழி போட்டுப் புகாரை மூடிவிடுவேன். அவர் நன்றி சொல்லி மெயில் போடுவார். இதில் எனக்கு ஆபீசில் நல்ல பெயர்.

மாமனார் எங்களோடு வந்து தங்கியது போன வருடம். மாமியார் போனபிறகு மாடம்பாக்கத்து வீட்டில் தனியாகத்தான் இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்ததும் மகள் விடவில்லை, பெட்டியோடு அழைத்து வந்துவிட்டாள். விமானப்படையில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர், கடைசி சில வருடங்கள் தாம்பரத்தில். இறக்கை, வால், சக்கரம், இவற்றை அசைக்கிற கம்பிகள் எல்லாம் அவர் பொறுப்பு. இப்போது வலது கை நடுங்குகிறது. பார்க்கின்சன் என்றார் டாக்டர். மாத்திரை போட்டால் குறையும், நிற்காது. சர்ச்சில் திருவிருந்துக்கு எழுந்து முன்னால் போவதையும் நிறுத்திவிட்டார். திராட்சரசக் கிண்ணத்தைப் பிடித்தால் தளும்பும். கேட்டால், "முழங்கால் மடங்க மாட்டேங்குது" என்பார்.

முதலில் சில நாள் என் பின்னால் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள், "சக்கரத்துக்கும் ரெக்க ஃபிளாப்புக்கும் பக்கத்துப் பக்கத்துல பட்டன் வைக்காதீங்க மாப்ள. பைலட் பதட்டத்துல மாத்தி அமுக்கிருவான்" என்றார். மாற்றினேன். இன்னொரு நாள், தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"முப்பது வருஷம் ப்ளேன மேல ஏத்தி அனுப்பிச்சிருக்கேன். திரும்பி வருதான்னு வெயில்ல நின்னு பார்த்திருக்கேன். நான் எறக்கினதில்ல. ஒரே ஒரு தடவ நானே எறக்கணும். இந்தக் கை முழுசா போறதுக்குள்ள."

அதற்கென்ன மாமா என்றேன். எனக்குச் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்க இன்னொரு காரணம் கிடைத்த சந்தோஷம்.

ஜாய்ஸ்டிக்குக்கு டெட் ஸோன் என்று ஒன்று உண்டு. நடுவிலிருந்து இவ்வளவு தூரம் வரை குச்சி அசைந்தாலும் விமானம் கண்டுகொள்ளாது என்று நாமே எல்லை போடலாம். அவரிடம் விளக்கினேன். "கம்பிய கொஞ்சம் லூஸா வுடுறீங்க. சரி" என்றார். போட்டேன். மேலே ஏறுவதில் பிரச்சினை இல்லை. இறங்கும்போதுதான் வந்தது வினை. ஓடுபாதை நெருங்க நெருங்க அவருக்குப் பதட்டம் கூடும், பதட்டம் கூடக் கூட நடுக்கம் எல்லையைத் தாண்டும், இறக்கை இப்படியும் அப்படியும் புரளும், தரையில் போய்க் குத்தும். எல்லையைப் பெரிதாக்கினேன். இப்போது மெல்லத் திருப்பினால் விமானம் திரும்பவில்லை, வேகமாகத் திருப்பினால் குப்புறக் கவிழ்ந்தது. இரண்டு வாரம், தினமும் சாயங்காலம் தேநீருக்குப் பிறகு ஒரு விமானத்தைப் பலி கொடுத்தோம். ஒருநாள் அவர் எழுந்து அறைக்குள் போனவர் சாப்பிடக்கூட வரவில்லை. மனைவி என்னைப் பார்த்த பார்வையில், விளையாட்டுக் காட்டப் போய் அவள் அப்பாவை அழவைத்தவன் நான்தான் என்றிருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. பரிதாபம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால், மூட முடியாத ஒரு புகார் என் வீட்டு ஹாலிலேயே உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஆபீசில் செய்வதையே செய்தேன். இரண்டு கையிலும் பிடித்து விளையாடும் பழைய கேம்பேட் ஒன்று, ஒயரில்லாதது, கிடந்தது. அதை இணைத்து, அதிலுள்ள ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் அவருடைய ஜாய்ஸ்டிக் செத்துவிடும், கேம்பேட் உயிர்பெறும் என்று அமைத்தேன். பின்னால் சோபாவில் உட்கார்ந்து, மடியில் ஒரு திண்டை வைத்து, அதற்கடியில் கேம்பேடை வைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை விமானம் இறங்கியது. பூப்போல இறங்கியது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். பெங்களூரில் இருக்கும் பழைய கூட்டாளி ஒருவரை போனில் அழைத்து அரை மணிநேரம் பேசினார். மறுநாள் ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நின்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், "நேத்து ஒரு ஃபைட்டர எறக்கினேன்" என்றார்.

அடுத்த ஒரு மாதம் அவர் இறக்கிக்கொண்டே இருந்தார், அதாவது நான் இறக்கிக்கொண்டே இருந்தேன். சந்தேகம் வரக்கூடாதே என்று சில சமயம் ஒரு துள்ளல் துள்ளவிட்டுக்கூட இறக்குவேன். அந்தத் துள்ளலில் எனக்கு ஒரு கலைஞனின் திருப்தி இருந்தது. திண்டை நகர்த்தப் போன மனைவி ஒருநாள் கேம்பேடைப் பார்த்துவிட்டாள். "இதெல்லாம் அப்பாகிட்ட வேணாம்" என்றாள். "சந்தோஷமா இருக்கார், விடு" என்றேன். விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி இருக்கும். விமானம் ஓடுபாதைக்கு நேராக வந்தது. நான் திண்டுக்கடியில் பொத்தானை அழுத்தினேன். அவர் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தார். எடுத்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

விமானம் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நான் பொத்தானை விட்டிருந்தால் தரையில் மோதியிருக்கும், அதாவது நேர்மையாக இருந்திருக்கும். என் கை பழக்கதோஷத்தில் இறக்கி முடித்தது. அன்றைக்குப் பார்த்து துள்ளல்கூட இல்லை. விமானம் முழுக்க நிற்கும்வரை அவர் திரையைப் பார்த்தார். திரும்பி என் மடியிலிருந்த திண்டைப் பார்த்தார்.

"என் கை ஆடுது. ரெக்க ஆடல. மூணு நாளா பார்த்துட்டுதான் இருக்கேன். ஸ்டிக்க ஆட்டியும் ரெக்க அசையலன்னா, கம்பி எங்கயோ கழண்டிருக்குன்னு அர்த்தம். நான் மெக்கானிக் மாப்ள."

"உங்க சந்தோஷத்துக்காகத்தான் மாமா" என்றேன்.

"சந்தோஷமாத்தான் இருந்தேன். அதான் கோவம். சர்ச்சு பூரா சொல்லிட்டு வந்திருக்கேன்." குரல் உயரவில்லை. "எங்க ஹேங்கர்ல கன்ட்ரோல் கம்பிய கழட்டினா, முதல்ல அதுல சிவப்புத் துணி கட்டுவோம். அப்புறம் புக்ல எழுதுவோம். திரும்ப மாட்டினவன் ஒரு கையெழுத்து, அத செக் பண்ணவன் ஒரு கையெழுத்து. ரெண்டும் இல்லாம வண்டி நகராது. கழட்டிட்டு சொல்லாம போனவன நாங்க மனுஷனாவே வச்சுக்க மாட்டோம்."

அவர் எழுந்து அறைக்குப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பது நாள் அவர் என்னிடம் "ம்", "இல்ல", "சாப்ட்டாச்சு" தவிர வேறு பேசவில்லை. காலையில் தாம்பரத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானம் வீட்டு மேலே தாழப் பறந்தால் பால்கனிக்குப் போய்ப் பார்ப்பவர், சத்தம் கேட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மனைவி, "நான்தான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பத்தாம் நாள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "அந்தப் பக்கத்தத் தொறங்க" என்றார்.

அட்டவணையை முதல் வரியிலிருந்து படிக்கச் சொன்னார். நான் படிக்க, அவர் அந்தப் பொத்தானை அழுத்தி, திரையில் அந்த உறுப்பு அசைகிறதா என்று பார்த்துவிட்டு, "அடுத்தது" என்றார். கேம்பேட் வரி வந்ததும் என் கையாலேயே அழிக்கச் சொன்னார். மனைவியின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியில் ஒரு கீற்றைக் கிழித்து வந்து கேம்பேடில் கட்டி, அலமாரி மேல்தட்டில் வைத்தார். டெட் ஸோன் வந்தபோது, "இது இருக்கட்டும். இத சொல்லிட்டுதான் செஞ்சீங்க" என்றார். ஒன்றரை மணிநேரம் ஆனது. ஒரு வெள்ளைத்தாளில் தேதி போட்டு, செய்தவன் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டேன். பார்த்தவர் என்ற இடத்தில் அவர் போட்டது கோழி கிளறினாற்போல இருந்தது. அது அவருடைய கையெழுத்துதான்.

மறுபடியும் தினம் ஒரு விமானம் விழுந்தது. வித்தியாசம் என்னவென்றால், இப்போது அவர் சாப்பிட வந்தார். சாப்பிட்டுக்கொண்டே, ஏன் விழுந்தது என்று என்னிடம் விவாதித்தார். ஒருநாள் இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார். நடுக்கம் பாதியாகக் குறைந்தது. ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற லீவர் இடது கைப்பக்கம் இருக்கிறது. "வேகத்த காலுக்குக் குடுங்க" என்றார். எந்த விமானத்திலும் இப்படிக் கிடையாது மாமா என்றேன். "எந்த பைலட்டுக்கும் இப்படிக் கை கிடையாது" என்றார். வலது பெடலுக்கு மாற்றினேன். தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

ஒரு வியாழக்கிழமை மதியம், நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள். என்னைச் சோபாவில் உட்கார அனுமதிப்பதில்லை. திரைக்குப் பக்கத்தில் சுவரோரம், அவர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். நின்றேன். விமானம் கோணலாக வந்தது. வேகம் அதிகம். இறக்கை ஆடியது, அவர் கை ஆடிய அளவுக்கு அப்படியே ஆடியது. பதட்டத்தில் நான் காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தேன். தரையில் மோதி எகிறியது. மறுபடி மோதியது. இடது சக்கரம் ஒடிந்தது. இறக்கை தரையில் உரசித் தீப்பொறி பறக்க, ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் போய், அரை வட்டம் சுற்றி நின்றது. எரியவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பொத்தானைத் தடவிப் பார்த்து எஞ்சினை அணைத்தார்.

பிறகு உள்பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏம்மா! இங்க வா. சீக்கிரம் வந்து பாரு. ஒடச்சிட்டேன்!"

மனைவி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள். "என்னப்பா, என்ன ஒடஞ்சுச்சு?"

"முப்பது வருஷம் அவனுங்க ஒடச்சு எடுத்துட்டு வருவானுங்க, நான் குனிஞ்சு சரி பண்ணிட்டு இருப்பேன். இத நான் ஒடச்சேன். எறக்கி, ஒடச்சு, உயிரோட உக்காந்திருக்கேன் பாரு."

சிரித்தார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள. நீங்க எதையும் தொடலல்ல?"

"இல்ல மாமா."

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். முதலில் ஒரு கையைப் பார்த்தார், பிறகு மற்றதைப் பார்த்தார். நம்புவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் தலையசைக்கும்வரை நான் கைகளை நீட்டியபடியே நின்றேன்.