ஆறுமணிக்குருவி என்ன பச்சை?

பறவை எண்ணும் தொழிலில் சம்பளம் கிடையாது; கழுத்து வலி உண்டு. அண்ணாந்து பறவை பார்த்தே பழகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பங்குனியில் ஒரு நாள், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எத்தனை வகை அகப்படுகிறது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

காதும் கண்ணும்

எங்கள் அணியில் இரண்டு பேர். நான் வேலை பார்த்த சுரங்கத்தில் மண் சுமக்கும் பெல்ட் இரைச்சலில் என் காது போயிற்று. பேச்சு கேட்கும், குருவி கேட்காது. இன்னொருவர் யூசுப் பாய், பஜாரில் டெய்லர் கடை வைத்திருந்தவர். கண் நரம்பு தேய்ந்து, இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். அதனால் ஒரு விதி. அவர் கேட்க வேண்டும், நான் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு.

ஆறுமணிக்குருவி மட்டும் கணக்கில் வந்ததே இல்லை. பாய் வீட்டுக்குப் பின்னால் பனிக்காலம் முழுக்க, விடியலிலும் அந்தியிலும் கத்தும். நான் போனால் ஒளிந்துகொள்ளும். இந்த மாதத்தோடு அது இமயமலைப் பக்கம் போய்விடும். பெருநாள் முடிந்ததும் பாய் சென்னைக்கு, மகன் வீட்டுக்கு. பத்தாவது மாடி. காலையில் என் வண்டியில் ஏறும்போதே சொன்னார்: "வேற எது வுட்டாலும் வுடுங்கண்ணே. அது இன்னா கலருன்னு தெரியாம நான் ஊரவுட்டுப் போக மாட்டேன்."

மண்மேடு

சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்டது. அதன் சரிவில் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டியிருந்தன. ஒன்று பச்சைப் பொறியாகக் கிளம்பும், காற்றில் வழுக்கும், அதே இடத்தில் வந்து உட்காரும். நானும் உட்கார்ந்துவிட்டேன். வெயில் முதுகில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

செக்யூரிட்டி வந்தார். பைனாகுலரை முறைத்தார். பறவை எண்ணுகிறோம் என்றேன். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "கேட்டுல கான்ட்ராக்ட் ஆளுங்கள தினம் எண்றேன். நிக்கிற ஆளே கணக்குல நிக்கமாட்டேங்குது, பறக்குறத எங்க சார் எண்றது?"

உச்சிவெயில்

பாய்க்கு நோன்பு. ஏரிக்கரை வேப்பமரத்தடியில் படுத்துவிட்டார். தாடியில் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. கண்ணை மூடியபடியே, "வலப்பக்கம் மாங்குயிலு" என்பார். ஓடுவேன். "தண்ணியோரம் தாழைக்கோழி." ஓடுவேன். ஏரி அசையாமல் கிடந்தது. ஒவ்வொரு பறவையும் அவர் தூக்கத்திலிருந்து எழுந்து வருவதுபோல இருந்தது.

ஆடு ஓட்டி வந்த அம்மா ஒருத்தி நின்று வேடிக்கை பார்த்தாள். "ஒருத்தரு படுத்துகினு சொல்றாரு, ஒருத்தரு ஓடிகினு தேடுறாரு. இதுல பர்மனென்ட் யாரு, கான்ட்ராக்ட் யாரு?"

ஆறு மணி

பாய் வீட்டுக்குப் பின்னால் ஆளில்லாத குவார்ட்டர்ஸ். பலா மரமும் மா மரமும், முழங்கால்வரை சருகு. சுவரோரம் உட்கார்ந்தோம். அசையாமல் உட்காருவது எனக்கு ஆகாத வேலை. பாய் என் முழங்காலைத் தட்டினார். கத்துகிறதாம். தேடினேன். சருகு, நிழல், சருகு. மறுபடி தட்டினார். எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பாய் சத்தமில்லாமல் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். அப்போது சருகு ஒன்று புரண்டது. தத்தித் தத்தி வெளியே வந்து நின்றது.

"வந்துடுச்சு" என்றேன்.

"கலரு?"

"பச்சை."

"நூல்கண்டுலயே அம்பது பச்சை வெச்சிருந்தவன் நான். எந்தப் பச்சை?"

மழை பெய்த மறுநாள் முந்திரி இலை இருக்குமே, அந்தப் பச்சை என்றேன். மார்பு, காய்ச்சிய பால் ஆடை. கண்ணில் அகலமாக மை இழுத்தமாதிரி கறுப்பு. தோளில் நீலம், வெல்டிங் பொறியின் நடுவில் தெரியுமே, அது. வாலை ஆட்டும்போது அடிவயிற்றில் மாதுளையை உடைத்த சிவப்பு. வால் நீளமா என்றார். துணி பற்றாமல் நீங்கள் வெட்டிவிட்ட மாதிரி என்றேன். சிரித்தார். இருட்டி, குருவி போன பிறகும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாய் கண்ணை மூடி, விரல்களைத் துணி பார்ப்பதுபோல உரசிக்கொண்டிருந்தார்.

"கணக்குல ஏத்திக்குங்கண்ணே. முப்பது வருசப் பழக்கத்துல நீங்க இம்மாம் பேசி இன்னிக்குத்தான் கேக்குறேன்."

கழுத்து வலிக்கும் தொழில் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தொண்டை வலிக்கும் என்று ஒருவனும் சொல்லவில்லை.