ஹில்டேயின் ஆணிப்பெட்டி

எங்கள் ஊர் மினிபஸ்ஸில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் குட் மார்னிங் சொல்ல வேண்டும். குறிப்பாக ஒருவருக்கு இல்லை, வண்டிக்கே சொல்வது. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். ஹில்டே வந்த முதல் மாதம் அது தெரியாமல் வாயைத் திறக்காமல் ஏறினார். முன் இருக்கையில் உட்கார்ந்து, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை அழுத்தினார். பின்னாலிருந்து ஊரின் மூத்த பெண்மணி மா ஃபீலோ சத்தமாகச் சொன்னார்.

“பிரேக்கு அங்க இல்லம்மா. வாய் எங்க இருக்குன்னாவது தெரியுமா?”

வண்டியே சிரித்தது. ஹில்டேவும் என்னவென்று புரியாமல் சிரித்தார். நான் கடைசி வரிசையில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். சொல்லியிருக்க வேண்டியவன் நான். அன்று சாயங்காலம்கூட நேரில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர் கதவிடுக்கில் செருகிவிட்டு ஓடி வந்தேன். மறுநாள் காலை அவர் படியில் கால் வைத்ததும் போட்ட குட் மார்னிங்கில் டிரைவர் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது.

ஹில்டே பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் டிராம் வண்டி ஓட்டியவர். இருபத்தாறு வருடம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று ஒரு பலகை இருந்ததாம். ஒரு தடவை விடுமுறைக்கு எங்கள் கரீபியன் தீவான டொமினிக்காவுக்கு வந்து மலையேறியபோது, மழையில் மாட்டிக்கொண்டு எங்கள் ஊரான மோர்ன் காப்ரியில் இரண்டு நாள் தங்கினார். மா ஃபீலோ கொடுத்த மீன் கஞ்சியைக் குடித்தார். பெயர் தெரியாதவர்கள்கூட அவரை நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். திரும்பிப் போய், அம்மா இறந்த பிறகு, ஐம்பத்து நான்கு வயதில் அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். பக்கத்துத் தீவான குவாடலூப்புக்குப் போய்விட்ட லாரன்ட் குடும்பத்தின் பலகை வீடு, எங்கள் வேலியை ஒட்டி, அவர் வீடானது.

“அங்க திரும்பிப் போறதுக்குன்னு ஒரு நாற்காலிகூட வெச்சிட்டு வரல, ஜெர்வே,” என்று ஒருநாள் வேலிக்கு மேலாக என்னிடம் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார்.

ஐந்து மணிக்கு எழுவார். சமையலறைச் சுவரில் கால அட்டவணை ஒட்டியிருந்தார்: தண்ணீர், தோட்டம், சந்தை, துணி. பஸ் நிறைந்தால்தான் கிளம்பும் என்று தெரிந்த பிறகும் ஆறு நாற்பதுக்கு வந்து நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். “மிஸ் அட்டவணை வந்தாச்சு, மணி சரி பண்ணிக்கங்க” என்பார்கள். கேலிதான். ஆனால் எங்கள் ஊரில் பட்டப்பெயர் வைத்துவிட்டால் ஆளை உள்ளே சேர்த்தாயிற்று என்று பொருள். எனக்குப் பட்டப்பெயர் கிடையாது.

அக்டோபரில் வந்த புயல் பெரிய புயல் இல்லை. ஆனாலும் ஹில்டே வீட்டுக் கூரைத் தகரத்தில் பாதியையும், மா ஃபீலோ வீட்டுக் கூரையை முழுதாகவும் கொண்டுபோனது. மற்றவர்களுக்கு அங்கங்கே ஒழுகல்.

இதற்கெல்லாம் எங்களிடம் ஒரு முறை உண்டு. கைகொடுப்பு என்போம். சனிக்கிழமை விடியலில் கடைக்காரர் ஃபோன்ஸோ சங்கு ஊதுவார். ஏணி, சுத்தியல், பெரிய பானை, ரம் எல்லாம் எடுத்துக்கொண்டு ஊரே ஒரு வீட்டுக்குப் போகும். சாயங்காலத்துக்குள் கூரை ஏறிவிடும், பானை காலியாகிவிடும். யாருக்கும் கூலி கிடையாது. வீட்டுக்காரர் கேட்கக்கூட வேண்டியதில்லை. எந்த வீடு முதலில் என்று ஃபோன்ஸோ கடையில் பேசி முடிவு செய்வார்கள். இந்தத் தடவை முதலில் ஹில்டே வீடு என்று முடிவானது. சொன்னவர் மா ஃபீலோ.

“நான் எங்க அக்கா வீட்ல படுத்துக்குவேன். அந்தப் பொம்பளைக்கு யாரு இருக்கா? அவளுக்கு முதல்ல போடுங்க.”

செவ்வாய்க்கிழமை நான் போய் ஹில்டேயிடம் சொன்னேன். அவர் கண் கலங்கியது. பிறகு முகம் மாறியது. இரண்டு நாள் யோசித்திருக்கிறார். வியாழக்கிழமை வேலியருகே என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு கனமான பெட்டி.

“ஜெர்வே, எனக்காக நீ ஒண்ணு செய்யணும். ஃபோன்ஸோகிட்டச் சொல்லு. எல்லாருக்கும் நன்றின்னு சொல்லு. ஆனா ஃபீலோவுக்குக் கூரையே இல்லாதப்ப நான் முதல்ல போட்டுக்க மாட்டேன். கீழ போர்ட்ஸ்மத் டவுன்லேர்ந்து மேஸ்திரி ஒருத்தர் நாளைக்கு வர்றார், என் வேலையை அவர் முடிச்சுருவார். சனிக்கிழமை எல்லாரும் ஃபீலோ வீட்டுக்குப் போகட்டும், நானும் வரேன். இது கூரை ஆணி. கடையில எங்கயும் இல்லையாம். மேஸ்திரிகிட்டக் கெஞ்சி வாங்கினேன். ஃபீலோகிட்டக் குடுத்துரு.”

“நீங்களே சொல்லலாமே, மிஸ் ஹில்டே?”

“நான் சொன்னா வேணாம்னு சொல்ற மாதிரி ஆயிடும். நீ இந்த ஊர்ப் பையன். எப்படிச் சொல்லணும்னு உனக்குத் தெரியும்.”

ஃபோன்ஸோ கடையில் டோமினோ ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. காய்களை மேஜையில் அறைகிற சத்தம் தெருவிலேயே கேட்டது. பெட்டியை வாசல் படிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே போய் நின்றேன். மா ஃபீலோ உப்புமீனை ஊறப் போட்டாயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஃபோன்ஸோ அந்தச் சனிக்கிழமைக்காகப் படகு வேலை ஒன்றைத் தள்ளி வைத்திருந்தார். ஒரு இடைவெளிக்காகக் காத்திருந்தேன்.

“இங்க பார்றா, நம்ம ஜெர்வே! என்னடா, நாக்கைப் பேங்க்ல போட்டு வெச்சிருக்கியா? எப்ப எடுப்ப?” என்றார் ஃபோன்ஸோ.

“வட்டி ஏறட்டும்னு விட்டிருக்கான்,” என்றார் மா ஃபீலோ.

எல்லோரும் சிரித்தார்கள். என் காது சுட்டது. ஒரு தீப்பெட்டி வாங்கினேன். வெளியே வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் சுகாதார நிலையத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஹில்டே கேட்டார். “சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“சரின்னாங்க.”

பெட்டி என் கட்டிலுக்கடியில் இருந்தது.

சனிக்கிழமை சங்கு ஊதியது. இருபது பேருக்கு மேல் பாடிக்கொண்டே எங்கள் சரிவில் ஏறினார்கள். முந்தின நாளே மா ஃபீலோவின் அக்கா வீட்டில் சமையலுக்குப் போயிருந்த அம்மா, அங்கே என் கையில் சீமைப்பலா வேகவைத்த பானையைக் கொடுத்து அனுப்பினாள். கடைசியாக நடந்தேன். திருப்பத்தில் முன்னால் போனவர்களின் பாட்டு நின்றது.

ஹில்டே வீட்டின் மேல் புத்தம் புதிய சிவப்புக் கூரை. வெளியூர் ஆட்கள் இரண்டு பேர் வெட்டிய தகரத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹில்டே வேலைக்கான பூட்ஸ் போட்டு, தலையில் துணி கட்டி, கையுறையோடு வெளியே வந்தார். கிளம்பத் தயாராகத்தான் இருந்தார்.

“இங்க முடிஞ்சுது!” என்றார் சிரித்துக்கொண்டே. “இங்க ஒண்ணும் வேண்டாம்.”

ஃபோன்ஸோ ஏணியைத் தோளிலிருந்து இறக்கவில்லை. கூரையைப் பார்த்தார், அந்த ஆட்களைப் பார்த்தார்.

“தெரியுது, மேடம்,” என்றார்.

அவ்வளவுதான். எல்லோரும் திரும்பினார்கள். மா ஃபீலோ மட்டும் ஒரு நொடி நின்றார். “மீனு ஊறிப்போச்சு,” என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு இறங்கினார். ஹில்டே கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். நான் பானைக்குள் இருந்த சீமைப்பலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஆவி இன்னும் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஊர் அவரை ஒன்றும் செய்யவில்லை. திட்டவில்லை. மிஸ் அட்டவணை என்று கூப்பிடுவதை நிறுத்தினார்கள். மேடம் என்றார்கள். பஸ்ஸில் அவர் குட் மார்னிங்குக்குப் பதில் வந்தது, ஆனால் எண்ணி எடுத்துக் கொடுத்த மாதிரி வந்தது. அடுத்த சனிக்கிழமை ஃபோன்ஸோ வீட்டுச் சுவருக்குச் சங்கு ஊதியபோது ஹில்டே பூட்ஸோடு வேலிக்கு வந்தார்.

“இன்னைக்கு யாரு வீட்ல?”

“தெரியல. யாரோ படகு வந்திருக்குன்னு ஊதுறாங்க போல.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்.

மூன்று வாரம் அப்படிப் போனது. மா ஃபீலோவுக்குத் தகரம் வந்து இறங்கிவிட்டது, ஆணிதான் கிடைக்கவில்லை; ஹில்டேயின் பாதிக் கூரைக்கென்று ஊர் வைத்திருந்தது முழுக் கூரைக்குப் போதவில்லை. தார்ப்பாயைப் போட்டு மேலே கல்லை வைத்திருந்தார்கள். அக்கா வீட்டில் இடம் போதாமல் முதல் வாரமே அவர் அதற்கடியிலேயே படுக்க வந்துவிட்டார். இரவில் மழை பெய்தால் எனக்குக் கட்டிலுக்கடியிலிருந்து சத்தம் வருவது போலிருக்கும். பெட்டி எங்கே சத்தம் போடும்? ஆனாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

ஒருநாள் ஹில்டே சந்தையிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் வேலியோரம் நின்றார்.

“என் அத்தை பையனுக்கு எழுதியிருக்கேன். கொஞ்ச நாள் அவன் வீட்ல இருக்க முடியுமான்னு. இந்த வீட்டை விக்கலாம்னு இருக்கேன்.”

நான் வேலியில் காய்ந்திருந்த கொடி ஒன்றை ஒடித்தேன்.

“இருபத்தாறு வருஷம் என் தலைக்கு மேல பேசாதீங்கன்னு பலகை இருந்துச்சு. இங்க அது இல்லைன்னுதான் வந்தேன். இப்ப நானே எங்கயோ மாட்டி வெச்சிருக்கேன் போல. எங்க மாட்டினேன்னு தெரியல, ஜெர்வே. தெரிஞ்சா எடுத்துருவேன். உனக்குத் தெரியுமா?”

“தெரியாது, மிஸ் ஹில்டே.”

அதைச் சொன்னபோது அவர் பையிலிருந்து ஒரு வாழைக்காய் நழுவி என் பக்கம் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். நன்றி என்றார்.

அந்தச் சனிக்கிழமை மா ஃபீலோ வீட்டில் கைகொடுப்பு. புது ஆணிக்குக் காத்திருந்தது போதும், பழையதை வைத்து அடித்துவிடலாம் என்று முடிவு. நான் போனபோது பத்துப் பன்னிரண்டு பேர் முற்றத்தில் குந்தி, புயலில் பிடுங்கிய வளைந்த ஆணிகளைக் கல்லின் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். பாதி ஆணி ஒடிந்தது. மா ஃபீலோவின் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. என் அம்மாவும் அங்கே சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியை நடுவில் வைத்தேன்.

“என்னடா இது?” என்றார் ஃபோன்ஸோ.

“ஆணி. மிஸ் ஹில்டே குடுத்தது.”

“சத்தமாச் சொல்லு, கேக்கல.”

“மிஸ் ஹில்டே குடுத்தது. மா ஃபீலோவுக்கு. அந்த வியாழக்கிழமையே. அவங்களுக்கு வேணாம், முதல்ல மா ஃபீலோ வீட்டுக்குப் போங்கன்னு சொல்லச் சொன்னாங்க. அவங்களும் வரேன்னாங்க. நான்தான் சொல்லல. கடைக்கு வந்தேன். சொல்லல.”

சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாராவது கேலி செய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அதையாவது செய்திருக்கலாம். மா ஃபீலோ பெட்டியைத் திறந்தார். எண்ணெய் மினுக்கோடு நேராக, புதிதாக, குடைத்தலை ஆணிகள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“மூணு வாரமா நான் தார்ப்பாய்க்கு அடியில நனையுறேன். இது எங்கடா இருந்துச்சு?”

“கட்டிலுக்கடியில.”

“நனையாமத்தான் இருந்திருக்கு,” என்றார்.

அம்மா கிழங்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கத்தி மட்டும் வேகமாக ஓடியது. ஃபோன்ஸோ கையைத் துடைத்துக்கொண்டார்.

“அன்னைக்குப் பூட்ஸ் போட்டுட்டு நின்னாளே, நம்மகூட வரத்தானா?” என்று மெதுவாகக் கேட்டார். “நான் மேடம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

மா ஃபீலோ எழுந்தார். நானும் வரவா என்று கேட்க வாயெடுத்தேன்.

“நீ இரு. உன்னை அனுப்பினா என்ன ஆகும்னுதான் தெரியுமே,” என்றார். அவரும் ஃபோன்ஸோவும் சரிவில் ஏறிப் போனார்கள். நான் குந்தி உட்கார்ந்து வளைந்த ஆணி ஒன்றை எடுத்துத் தட்டினேன். பக்கத்திலிருந்தவர் அதை என் கையிலிருந்து வாங்கிக் கீழே போட்டார். “அதான் புதுசு வந்துருச்சே,” என்றார்.

அரை மணி நேரத்தில் ஹில்டே வந்தார். தலையில் துணி, காலில் பூட்ஸ். மா ஃபீலோ அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். ஹில்டே என்னைக் கடந்து நேராக ஏணிக்குப் போனார். நாள் முழுக்கக் கூரைமேல் இருந்தார். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு ஏன் தயாராகவில்லை என்று அவர் மேலிருந்து கடிகாரத்தைப் பார்த்தபோது, “மிஸ் அட்டவணைக்குப் பசிச்சிருச்சுடா!” என்று ஃபோன்ஸோ கத்தினார். முற்றமே சிரித்தது. நான் தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். ஹில்டே தன் குவளையை ஃபோன்ஸோவிடம் கொடுத்து நிரப்பிக்கொண்டார்.

வீடு விற்கும் பேச்சு பிறகு வரவில்லை. அந்த அத்தை மகனுக்கு என்ன எழுதினாரோ, இங்கேயேதான் இருக்கிறார். வேலியோரம் அவர் பக்கம் ஒரு வரிசை செம்பருத்தி வைத்திருக்கிறார். அது இப்போது என் தோள் உயரம் வளர்ந்துவிட்டது. நான் அவர் கதவிடுக்கில் ஒரு காகிதம் செருகினேன். மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி. மறுநாள் அது மடித்தபடியே எங்கள் வாசலில் இருந்தது. நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் போகலாம் என்று நினைக்கிறேன்.

காலையில் ஆறு நாற்பதுக்கு அவர் பஸ்ஸில் ஏறுகிறார். படியில் நின்று எல்லோருக்குமாகக் குட் மார்னிங் சொல்கிறார். அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, தனியாக இல்லை. எல்லோரோடும் சேர்ந்து நானும் பதில் சொல்கிறேன். கடைசி வரிசையிலிருந்து என் குரல் மட்டும் தனியாகக் கேட்குமா என்று தெரியவில்லை.