விழுங்காத மனிதர்

தண்ணீரூற்று ஊரின் கள்ளுத் தவறணையில், வந்திறங்கும் கள்ளைச் சுவை பார்ப்பவர் அவர். ஒடுங்கிய முகம். ஒவ்வொரு முட்டியிலும் ஒரு மிடறு எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவார், விழுங்கமாட்டார்.

மனைவி நிறைமாதம். எந்த நேரமும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ ஓட்ட வேண்டிவரும் என்ற பயத்தில் பல நாள் உறங்காதவன் நான். அன்று, களைப்புக்கு ஓலைப் பிளாவில் ஒரு வாய் கள் போதுமென்று போய்விட்டேன்.

“பனையோ, தென்னையோ?” என்று அந்தச் சுவை பார்ப்பவர் கேட்டார்.

“எதெண்டாலும் தாங்கோ அண்ணை.” சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தேன். பிறகும் பிறகும் பார்த்தேன்.

அவர் தந்தது வெறும் இனிப்பு. சுண்ணாம்பு சேர்த்துப் புளிக்காமல் இறக்கிய கருப்பணி.

“அண்ணை, இதில வெறி இல்லையே!”

“ஓம் தம்பி. நாலுதரம் போனைப் பாத்திட்டீர். ஆருக்கோ காத்திருக்கிறீர். உமக்கு இது காணும்.”

அன்று பின்னேரமே மனைவியை ஏற்றிக்கொண்டு ஓடினேன். மகள் பிறந்தாள்.

ஒரு மிடறும் விழுங்காமல் அவரும் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.