தலைப்பு வரி உடைந்த மின்னஞ்சல்

போர் மறுபடியும் மூண்டிருந்த காலம் அது. கண்டியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கூடவே, யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் மின்னஞ்சல் குழுவையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். பல நாடுகளில் சிதறியிருந்த அவர்களில் ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் பிரதி போகும். குடும்பத்தின் மூத்தவர் ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர். கண்டியில் தனியாக அறையெடுத்திருந்தார். மனைவி நாவலப்பிட்டியில் மகளோடு இருந்தார். மகன் கனடாவில்.

குழு மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததிலிருந்து சில அஞ்சல்கள் பாழாகின. திறந்தால் தமிழ் இராது; ஆங்கில எழுத்தும் இலக்கமும் இடைவெளியே இல்லாமல் பக்கம் முழுக்க அடைத்து நிற்கும். எந்த அஞ்சல் கெடும், எது தப்பும் என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு மத்தியானம் மாஸ்டரின் மகள் தொலைபேசியில் அழுதாள்.

"அக்கா, அப்பாவை கம்பளைப் பக்கம் செக் பொயின்ட்ல மறிச்சு வச்சிருக்கினம். தம்பியின்ர ஈமெயிலைப் பேப்பரில எடுத்துக்கொண்டு வந்தவர். என்ர அவருக்கு கம்ப்யூட்டர் தெரியுமெண்டு அவரிட்டக் காட்டத்தான். அது ரகசிய எழுத்தாம்."

விசாரணையில் என் பெயரும் சேரும் என்று தெரிந்தேதான் பஸ் ஏறினேன். கம்பளைப் பொலிஸ் நிலையத்தில் மாஸ்டர் வாங்கில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். "என்னை ஒண்டும் செய்யேல்ல பிள்ளை, தண்ணியும் தந்தவை" என்றார்.

நான் கண்டி மஹய்யாவையில் பிறந்தவள். சிங்களம் சரளமாக வரும். பொறுப்பதிகாரி தாளை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார்.

"மனுசரால வாசிக்க முடியாது சேர். கம்ப்யூட்டர்தான் தமிழாக்கித் தரும்."

"அப்போ ரகசிய எழுத்துத்தானே?"

நியாயமான கேள்வி. ஒரு காகித உறையைக் கேட்டு வாங்கினேன். மேலே முகவரி, உள்ளே கடிதம் என்று காட்டினேன். "உள்ளே என்ன மொழி, எப்படித் திறக்கணும் என்பதும் மேலேதான் எழுதியிருக்கும். அந்த வரிகள் உள்ளே விழுந்துட்டுது. அதனால கம்ப்யூட்டருக்குத் திறக்கத் தெரியல்ல."

சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே அது உறைத்தது. எங்கே விழுந்தது என்று தாளில் தேடினேன். அஞ்சலின் தமிழ்த் தலைப்பு நீளமானது. குழுவின் பெயரை மென்பொருள் அதன் முன்னால் ஒட்டியதும் வரி இரண்டாக உடைந்திருந்தது. இரண்டாம் வரி ஓர் இடைவெளியோடு தொடங்கவேண்டும். அந்த இடைவெளி இல்லை. அத்தோடு உறையின் மேல்விபரம் முடிந்தது என்று நினைத்த கணினி, மீதி வரிகளைக் கடிதத்தோடு சேர்த்துவிட்டது. குறுகிய தலைப்புகள் தப்பியதும் அதனால்தான்.

ஒரு கான்ஸ்டபிளை என்னோடு கண்டிக்கு அனுப்பினார்கள். எங்கள் கணினியில் இருந்த அதே அஞ்சலைத் தாளோடு அவர் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். நான் அந்த இடைவெளியைத் தட்டிச் சேமித்தேன். திறந்ததும் தமிழ் வந்தது.

"என்ன எழுதியிருக்கு?"

தேசிக்காய் ஊறுகாய். கனடாவில் வெயில் இல்லையாம். காயை அடுப்பில் காயவைக்கலாமா என்று மகன் தாயைக் கேட்டிருந்தார். உப்பின் அளவு பற்றி ஒரு சந்தேகம். வரி வரியாகச் சிங்களத்தில் சொன்னேன். கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுப்பில் வைத்தால் கசக்கும் என்று சொல்லுங்கள்" என்றார். அங்கிருந்தே நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பொழுது சாய முன்னர் மாஸ்டரை விட்டார்கள்.

மறுநாள் குழுவின் பெயர் தலைப்பில் ஒட்டாதபடி மென்பொருளில் மாற்றினேன். எவ்வளவு நீளத் தலைப்பு எழுதி அனுப்பிப் பார்த்தும் தமிழ் தமிழாகவே வந்தது.

அடுத்த கிழமை மாஸ்டர் வந்தார். மகனின் புதிய அஞ்சலைத் திறந்துகொடுத்தேன். மெதுவாக வாசித்தார், பிறகு திரும்பவும் வாசித்தார்.

"பிரிண்ட் எடுத்துத் தரவா சார்?"

"வேண்டாம் பிள்ளை. பாடமாக்கிப் போட்டன். மனுசிக்கு வாயாலயே சொல்லுறன்."

உதடு அசைய, பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.